மாத்திரைக்கும் பெண்ணுக்கும் நடுவே நிற்கும் ஊழியம்

அமெரிக்காவில் இன்று நடக்கும் கருக்கலைப்புகளில் பெரும்பாலானவை மாத்திரைகளால் நடப்பவை. குட்மாக்கர் ஆய்வு நிறுவனத்தின் கணக்குப்படி 2020இல் மொத்தக் கருக்கலைப்புகளில் 53 சதவீதம் மாத்திரை வழியாக நடந்தன. 2023இல் அது 63 சதவீதமாயிற்று. முதலில் மிஃபெப்ரிஸ்டோன், ஓரிரு நாள் கழித்து மிசோப்ரோஸ்டால் என்று இரண்டு மருந்துகள். இவை உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2005 முதல் இருப்பவை. சட்டம் அனுமதிக்கும் மாநிலத்தில் ஒரு பெண் தன் வீட்டிலேயே, தனக்கு வேண்டியவர் ஒருவர் துணையிருக்க, இதைச் செய்துகொள்ள முடிகிறது. 2021 டிசம்பரிலிருந்து மாத்திரையை நேரில் போய் வாங்க வேண்டிய கட்டாயமும் இல்லை. மருத்துவமனை வாசலில் பதாகையோடும் ஜெபமாலையோடும் நிற்பவர்களைக் கடந்து போக வேண்டியதில்லை.

வாசலில் நின்றவர்கள் என்ன ஆனார்கள்? இடம் மாறினார்கள். முதல் மாத்திரைக்கும் இரண்டாவது மாத்திரைக்கும் நடுவிலுள்ள 24 முதல் 48 மணி நேரத்துக்குள் வந்து நின்றுகொண்டார்கள். அந்த நேரத்தில் அவர்கள் பேசும் மொழியைப் பற்றியது இந்தக் கட்டுரை.

நான் கிறிஸ்தவக் குடும்பத்தில் வளர்ந்தவள். ஊழியம், சாட்சி, பாரம், கிருபை எல்லாம் எனக்கு வீட்டுச் சொற்கள். ஆகவே ‘உயிருக்கு ஆதரவு’ என்று தம்மை அழைத்துக்கொள்ளும் அமெரிக்கக் கிறிஸ்தவ அமைப்புகளின் பிரசுரங்களைப் படிக்கும்போது அவற்றின் தொனி எனக்கு அந்நியமாகத் தெரிவதில்லை. அதட்டாத குரல் அது. ‘உனக்காக ஜெபிக்கிறோம்’ என்று தோளில் கை வைக்கும் குரல். கருவும் ஓர் உயிர் என்று நம்பும் பெண் அதைப் பெற்றெடுக்க முடிவு செய்தால் அது அவள் உரிமை. அதில் எனக்கு எந்தச் சண்டையும் இல்லை. நான் கேட்பது வேறு. அவளுக்குத் தரப்படும் தகவல் உண்மையா? தருபவர் தான் யார் என்பதைச் சொல்லிவிட்டுத் தருகிறாரா? அவள் முடிவெடுத்த பிறகு அவளோடு யார் இருக்கிறார்கள்?

வெள்ளைக் கோட்டும் பிரசங்கமும்

இந்த ஊழியம் 1973இன் ரோ தீர்ப்புக்கு முன்பே தொடங்கிவிட்டது. 1960களின் இறுதியில் ராபர்ட் பியர்சன் என்ற கத்தோலிக்கர் ஹவாயில் ஒரு மையம் திறந்தார். 1968இல் கனடாவின் டொரொன்டோவில் லூயிஸ் சம்மர்ஹில் ‘பர்த்ரைட்’ அமைப்பைத் தொடங்கினார். 1971இல் இன்றைய ‘ஹார்ட்பீட் இன்டர்நேஷனல்’, 1975இல் இன்றைய ‘கேர் நெட்’டின் தாய் அமைப்பு என்று வரிசையாக வந்தன. இப்போது அமெரிக்காவில் இத்தகைய மையங்கள் சுமார் 2,500 இருக்கின்றன. கருக்கலைப்புச் சேவை தரும் மருத்துவ நிலையங்களைவிட இவை பல மடங்கு அதிகம்.

இவற்றில் பெரும்பாலானவற்றின் பெயரில் கர்த்தரும் இல்லை, சபையும் இல்லை. ‘தெரிவுகள்’, ‘வழிகள்’, ‘பெண்கள் நல மையம்’ போன்ற பொதுச் சொற்கள்தான் இருக்கும். இது தற்செயல் அல்ல. 1984இல் பியர்சன் நிறுவனம் வெளியிட்ட கையேடு, மையத்துக்கு நடுநிலையான பெயர் வைக்கச் சொன்னது. கருக்கலைப்பு நிலையத்துக்கு அருகிலேயே இடம் பார்க்கச் சொன்னது. இன்றைய பெரிய அமைப்புகள் தங்கள் உறுப்பினர்களுக்கு நேர்மை விதிகள் வகுத்திருக்கின்றன. ஆனால் வரவேற்பறை, இலவசக் கர்ப்பப் பரிசோதனை, வெள்ளைக் கோட்டு, ஸ்கேன் கருவி ஆகியவற்றின் கூட்டுத் தோற்றம் இன்னும் அப்படியே இருக்கிறது. 2004 முதல் ‘ஃபோக்கஸ் ஆன் த ஃபேமிலி’ என்ற இவாஞ்சலிகல் அமைப்பு மையங்களுக்கு ஸ்கேன் கருவி வாங்கித் தருவதற்கென்றே ஒரு திட்டம் நடத்துகிறது. ஸ்கேன் மருத்துவத்தில் நோய் அறியும் கருவி. இங்கே அது பிரசங்க மேடை. திரையில் துடிப்பைக் காட்டியபின் அந்தப் பெண் என்ன நினைப்பாள் என்பது முன்கூட்டியே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது.

இலவசச் சேவை தரும், மருத்துவ உரிமம் இல்லாத பல மையங்களுக்கு நோயாளியின் தகவலைக் காக்கும் கூட்டாட்சிச் சட்டம் பொருந்துவதில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். கடைசி மாதவிடாய் எப்போது, மாத்திரை வாங்கிவிட்டாயா, யார் வாங்கித் தந்தார்கள் என்ற கேள்விகளுக்கு ஒரு பெண் சொல்லும் பதில்கள் அந்த மையத்தின் சொத்தாகின்றன. 2022 ஜூனில் டாப்ஸ் தீர்ப்பு ரோவைக் கவிழ்த்தபின், பத்துக்கும் மேற்பட்ட மாநிலங்களில் கருக்கலைப்பு ஏறக்குறைய முழுத் தடையில் இருக்கும்போது, இந்தப் பதில்கள் சாதாரணத் தகவல்கள் அல்ல.

கலிபோர்னியா மாநிலம் 2015இல் ஒரு சட்டம் இயற்றியது. உரிமம் இல்லாத மையங்கள் தாங்கள் உரிமம் பெற்ற மருத்துவ நிலையம் அல்ல என்று அறிவிக்க வேண்டும். உரிமம் உள்ளவை, கருக்கலைப்பு உள்ளிட்ட சேவைகளை மாநிலம் குறைந்த செலவில் தருகிறது என்று பலகை வைக்க வேண்டும். 2018இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில், இது பேச்சுரிமைக்கு எதிராக இருக்கக்கூடும் என்று அதை நிறுத்தியது. அதே நாட்டில் ஆர்கன்சா, தென் டகோட்டா, யூட்டா போன்ற மாநிலங்கள் வேறொரு சட்டம் இயற்றின. முதல் மாத்திரையின் விளைவை மாற்றிவிட முடியலாம் என்று மருத்துவர் தன் நோயாளியிடம் சொல்லியாக வேண்டும் என்பது அச்சட்டம். மருத்துவர் தான் நம்பாததைச் சொல்ல வேண்டும், மருத்துவர் அல்லாதவர் தான் யார் என்பதைச் சொல்ல வேண்டாம். பேச்சுரிமை என்ற சொல்லை இங்கே யாருக்காகப் பயன்படுத்துகிறார்கள் என்று மாணவிகள் யோசித்துப் பார்க்கலாம்.

பெண்ணுக்கு வைக்கும் பெயர்

இந்த ஊழியத்தின் உள்வட்டப் பேச்சில் பெண்களை இரண்டு வகையாகப் பிரிக்கும் வழக்கம் உண்டு. ஒருத்தி கருக்கலைப்பை மனதில் கொண்டவள். இன்னொருத்தி கருக்கலைப்புக்கு ஆளாகக்கூடியவள். இரண்டாவது பெயரை உற்றுப் பாருங்கள். நோய்க்கு ஆளாகக்கூடியவர், விபத்துக்கு ஆளாகக்கூடியவர் என்று சொல்வதுபோல் அது அமைந்திருக்கிறது. கருக்கலைப்பு என்பது அவள் செய்யும் செயல் அல்ல, அவளுக்கு நேரும் ஒன்று. இந்தப் பெயருக்குள் அவள் முடிவெடுப்பவளாக இருக்கவே முடியாது. காதலனோ, பயமோ, மருந்து நிறுவனமோ அவளுக்காக முடிவெடுத்திருக்க வேண்டும். அவளைக் காப்பாற்ற வேண்டுமானால் முதலில் அவளைச் சிறுமியாக்க வேண்டும்.

உண்மையில் அமெரிக்காவில் கருக்கலைப்புக்கு வரும் பெண்களில் பாதிக்கு மேல் ஏற்கெனவே தாய்கள். பிரசவம் என்றால் என்ன, இரவு விழிப்பது என்றால் என்ன, பால் பவுடர் டப்பா என்ன விலை என்பதெல்லாம் அவர்களுக்குத் தெரியும். குட்மாக்கரின் 2014 ஆய்வில் பத்தில் ஆறு பேர் ஏதோ ஒரு மதத்தைச் சேர்ந்தவர்கள். கத்தோலிக்கர் 24 சதவீதம், இவாஞ்சலிகல்கள் 13 சதவீதம். அதாவது ஊழியத்தின் இந்தப் பக்கம் சபையும் அந்தப் பக்கம் உலகமும் இல்லை. ஞாயிறு ஆராதனையில் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்திருப்பவள்தான் மாத்திரையைக் கைப்பையில் வைத்திருக்கிறாள். சபைக்கு அது தெரியாது. ஏனென்றால் சபையில் அதைச் சொல்ல முடியாது.

இந்த மையங்களில் பெண்களிடம் பேசுபவர்களும் பெரும்பாலும் பெண்கள்தான். பலர் சம்பளம் வாங்காதவர்கள். அவர்களின் பரிவு பொய் என்று நான் நினைக்கவில்லை. ஆணாதிக்கம் எப்போதும் ஆணின் குரலில்தான் பேசும் என்று எதிர்பார்ப்பது நம் தவறாக இருக்கும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். இலவசப் பரிசோதனை, தொலைபேசியில் ஒரு பெண் குரல், தீர்ப்பளிக்காமல் கேட்கும் காது ஆகிய வடிவங்கள் பெண்ணிய ஆரோக்கிய இயக்கத்திலும் இருந்தவை. 1969 முதல் 1973 வரை சிகாகோவில் ‘ஜேன்’ என்ற பெயரில் இயங்கிய பெண்கள் குழு, தொலைபேசியில் அழைத்தவர்களுக்குச் சுமார் 11,000 கருக்கலைப்புகளைப் பாதுகாப்பாகச் செய்துகொள்ள வழி செய்தது. அங்கே உரையாடலின் முடிவு அழைத்தவளின் கையில் இருந்தது. இங்கே வடிவம் அதேதான், முடிவு மட்டும் முதலிலேயே தீர்மானமாகியிருக்கிறது.

இரண்டு மாத்திரைகளுக்கு நடுவில்

மிஃபெப்ரிஸ்டோன் செய்யும் வேலை எளிது. கரு தங்கியிருக்கப் புரோஜெஸ்ட்ரோன் என்ற ஹார்மோன் வேண்டும். அந்த ஹார்மோனை உடல் ஏற்காதபடி அது தடுக்கிறது. பின்பு மிசோப்ரோஸ்டால் கருப்பையைச் சுருங்கச் செய்து வெளியேற்றுகிறது. இரண்டும் சேர்ந்தால்தான் முழுமையாக வேலை செய்யும். முதல் மாத்திரையை மட்டும் சாப்பிட்டு நிறுத்தினால் கணிசமானவர்களுக்குக் கர்ப்பம் தொடரும். பாதிப் பேர் வரைக்கும் அப்படி நடக்கலாம் என்கிறது அமெரிக்க மகப்பேறு மருத்துவர்களின் கல்லூரி.

இந்த இடைவெளியில்தான் ‘மாத்திரையை மீட்டெடுத்தல்’ என்ற சிகிச்சை வருகிறது. முதல் மாத்திரை சாப்பிட்டபின் மனம் மாறினால் அதிக அளவு புரோஜெஸ்ட்ரோன் எடுத்துக்கொள், குழந்தையைக் காப்பாற்றலாம் என்பது அதன் வாக்குறுதி. கலிபோர்னியாவைச் சேர்ந்த மருத்துவர் ஜார்ஜ் டெல்காடோ 2012இல் 6 பெண்களைப் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். அதில் 4 பேருக்குக் கர்ப்பம் பிரசவம்வரை சென்றது. 2018இல் 547 பெண்களைப் பற்றி இன்னோர் அறிக்கை. மொத்தத்தில் 48 சதவீதம் பேருக்குக் குழந்தை பிறந்தது. குறிப்பிட்ட இரண்டு முறைகளில் மட்டும் 64, 68 சதவீதம். பிரசுரங்களில் அச்சாவது இந்த 64ம் 68ம்தான். புரோஜெஸ்ட்ரோன் எடுத்துக்கொள்ளாமல் வெறுமனே இரண்டாவது மாத்திரையை நிறுத்தியவர்களை அதே ஆய்வில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை. பார்க்காதபோது, கர்ப்பம் தொடர்ந்தது மருந்தாலா, நிறுத்தியதாலா என்று யாராலும் சொல்ல முடியாது.

பார்க்க முயன்றவர் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் மிட்செல் கிரெய்னின். 2019இல் 40 பெண்களோடு முறையான சோதனை ஒன்றைத் திட்டமிட்டார். எல்லாரும் எப்படியும் கருக்கலைப்புக்கு முடிவு செய்திருந்தவர்கள். பாதிப் பேருக்குப் புரோஜெஸ்ட்ரோன், பாதிப் பேருக்கு வெற்று மாத்திரை. 12 பேரைச் சேர்த்தபோதே நிறுத்த வேண்டியதாயிற்று. 3 பேருக்குக் கடும் ரத்தப்போக்கு ஏற்பட்டு ஆம்புலன்ஸில் கொண்டுபோனார்கள். அவர்களில் ஒருவர் புரோஜெஸ்ட்ரோன் எடுத்தவர், இருவர் வெற்று மாத்திரை எடுத்தவர்கள். இதிலிருந்து புரோஜெஸ்ட்ரோன் விஷம் என்று முடிவு கட்டக் கூடாது. முதல் மாத்திரைக்குப் பின் இரண்டாவதை நிறுத்துவதே ஆபத்தாகலாம் என்பதுதான் இது சொல்வது. மனம் மாறு, நிறுத்து, எங்களை அழை என்று ஒரு பெண்ணைத் தூண்டுவது அவள் உடலை வைத்துச் செய்யும் பரிசோதனை. பல்கலைக்கழகத்தில் அந்தப் பரிசோதனைக்கு நெறிமுறைக் குழு இருந்தது, நிறுத்தும் அதிகாரம் இருந்தது. உதவி எண்ணின் மறுமுனையில் அதெல்லாம் இல்லை.

2018 முதல் ஹார்ட்பீட் இன்டர்நேஷனல் இதற்கென ஒரு நாடு தழுவிய வலைப்பின்னலை நடத்துகிறது. 2023 செப்டம்பரில் கலிபோர்னியாவின் தலைமை வழக்கறிஞர், இச்சிகிச்சையைப் பற்றிய விளம்பரம் ஏமாற்று என்று அந்த அமைப்பின்மீது வழக்குத் தொடுத்தார். அதே ஆண்டு கொலராடோ மாநிலம் இதைத் தொழில்முறைத் தவறாக அறிவித்தது. ஒரு கத்தோலிக்க மருத்துவ நிலையம் நீதிமன்றம் போய், மத உரிமை என்ற காரணத்தில் தனக்கு இடைக்காலத் தடை வாங்கியது. ஒரு மருந்து வேலை செய்யுமா என்ற கேள்வி, அதைத் தருபவரின் நம்பிக்கை எவ்வளவு உறுதியானது என்ற கேள்வியாக மாறிவிட்டது.

முதல் மாத்திரை சாப்பிட்ட பிறகு உண்மையிலேயே மனம் மாறும் பெண் இருக்கலாம். அவளும் நம் அக்கறைக்கு உரியவள். மிஃபெப்ரிஸ்டோன் பிறவிக் குறை ஏற்படுத்துவதாக அறியப்படவில்லை; கர்ப்பம் தொடரக்கூடும்; ரத்தப்போக்கு அதிகமாகலாம், உடனே மருத்துவரின் கண்காணிப்பில் இரு என்பதுதான் அவளுக்குத் தர வேண்டிய நேர்மையான பதில். அது அவளை வீரத் தாயாகவும் ஆக்காது, வழி தவறியவளாகவும் ஆக்காது.

ராகேலின் கண்ணீர்

இந்த ஊழியத்தின் முக்கிய இலக்கிய வடிவம் சாட்சி. சபையில் வளர்ந்தவர்களுக்கு அதன் கட்டமைப்பு மனப்பாடம். இருள், பாவம், உடைந்துபோதல், கிருபை, இப்போது உங்கள் முன் நிற்கிறேன். கருக்கலைப்புச் சாட்சியிலும் அதே ஐந்து படிகள். மாத்திரை சாப்பிட்ட இரவு, கழிவறையில் அழுகை, ஆண்டுக்கணக்கான வெறுமை, ஒரு தியான முகாம், மன்னிப்பு. இப்படி உணர்ந்த பெண்கள் உண்டு. அவர்கள் வலியை யாரும் மறுக்க வேண்டாம். ஆனால் வடிவம் தனக்கு வேண்டியதை மட்டுமே அனுமதிக்கும். வேலை போகும் என்ற பயம், அடிக்கிற கணவன், பிறந்து ஆறு மாதமே ஆன மூத்த குழந்தை என்ற காரணங்களெல்லாம் சாட்சியில் வந்தால் இருளின் பகுதியாக மட்டுமே வரும். ‘எனக்கு நிம்மதியாக இருந்தது’ என்று சொல்லும் பெண்ணுக்கு இந்த மேடையில் ஒலிபெருக்கி கிடையாது.

அந்தப் பெண்தான் பெரும்பான்மை. டயானா கிரீன் ஃபாஸ்டர் தலைமையில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் நடத்திய ‘டர்னவே’ ஆய்வு, 30 நிலையங்களில் கருக்கலைப்புக்கு வந்த சுமார் 1,000 பெண்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பேட்டி கண்டது. செய்துகொண்டவர்களில் 95 சதவீதத்துக்கும் மேற்பட்டோர், கேட்ட ஒவ்வொரு முறையும், அது தமக்குச் சரியான முடிவு என்றார்கள். அதிகம் பேர் சொன்ன உணர்வு நிம்மதி. காலம் கடந்துவிட்டது என்று திருப்பி அனுப்பப்பட்டவர்கள் ஆண்டுக்கணக்கில் வறுமையோடும் கடனோடும் போராடினார்கள். வன்முறையான துணைவரோடு தொடர்பு அறாமல் மாட்டிக்கொள்ளும் வாய்ப்பும் அவர்களுக்கே அதிகமாக இருந்தது. இதற்கு வெகு காலம் முன்பே, ரீகன் அரசின் தலைமை மருத்துவ அதிகாரி எவரெட் கூப் கருக்கலைப்பால் பெண்ணுக்கு நேரும் உளப் பாதிப்பைப் பற்றி அறிக்கை தரப் பணிக்கப்பட்டார். கூப் கருக்கலைப்பை வெளிப்படையாக எதிர்த்த இவாஞ்சலிகல் கிறிஸ்தவர். கிடைத்த ஆதாரங்களைக் கொண்டு அப்படி ஓர் முடிவுக்கு வர முடியாது என்று 1989 ஜனவரியில் அவர் எழுதினார். தன் தரப்பு எதிர்பார்த்ததைச் சொல்லாமல் கண்டதைச் சொன்ன அந்த நேர்மையை இன்றைய பிரசுரங்களில் நான் தேடுகிறேன்.

கருக்கலைப்புக்குப் பின் வருந்தும் பெண்களுக்கான மிகப் பெரிய தியான முகாம் அமைப்பின் பெயர் ‘ரேச்சல்ஸ் வின்யார்ட்’, ராகேலின் திராட்சைத் தோட்டம். எரேமியா 31இல் ராகேல் தன் பிள்ளைகள் இல்லையே என்று ஆறுதல் கொள்ளாமல் அழுகிறாள். பெயர் அங்கிருந்து வருகிறது. வேதத்தைத் திறந்து படித்தால் அந்தப் பிள்ளைகளை இல்லாமல் ஆக்கியவள் ராகேல் இல்லை. படையெடுத்து வந்த பேரரசு அவர்களைச் சிறைப்பிடித்துக்கொண்டு போகிறது. மத்தேயு அதே வசனத்தை எடுத்தாள்வது ஏரோது ராஜா குழந்தைகளைக் கொன்ற இடத்தில். இரண்டு இடங்களிலும் குற்றவாளி அரசு, அழுகிறவள் தாய். தியான முகாமில் அதே கண்ணீர் தாயின் குற்ற ஒப்புதலாக மாறிவிடுகிறது. அரசு காட்சியிலிருந்து காணாமல் போகிறது.

ராகேலின் முடிவும் இந்தப் பிரசுரங்களில் வருவதில்லை. பிள்ளை கொடு, இல்லாவிட்டால் சாகிறேன் என்று கணவனிடம் கதறிய அவள், ஆதியாகமம் 35இல் பென்யமீனைப் பெறும்போது வழியிலேயே பிரசவ வேதனையில் இறக்கிறாள். சாகும் தருவாயில் பிள்ளைக்கு அவள் வைத்த பெயரைக்கூடக் கணவன் மாற்றிவிடுகிறான். 2021இல் அமெரிக்காவில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 32.9 தாய்கள் இறந்தார்கள். கறுப்பினப் பெண்களில் 69.9. பிரசவம் உயிருக்கு ஆபத்தானது என்பதை வேதம் மறைக்கவில்லை. ராகேலின் பெயரை எடுத்துக்கொண்டவர்கள்தான் அவள் கல்லறையைக் கடந்து போய்விட்டார்கள்.

ஆகாரும் இந்த ஊழியத்துக்குப் பிரியமானவள். தனித்து விடப்பட்ட கர்ப்பிணி, அவளைக் கண்ட தேவன். ஆனால் கறுப்பினப் பெண் இறையியலாளர் டெலோரஸ் வில்லியம்ஸ் 1993இல் எழுதிய ‘சிஸ்டர்ஸ் இன் த வில்டர்னஸ்’ நூலுக்குப் பிறகு ஆகாரை அப்படி மட்டும் படிக்க முடியாது. அவள் அடிமை. எஜமானிக்காகப் பிள்ளை பெறும்படி அவள் கருப்பை எடுத்துக்கொள்ளப்பட்டது. யாரும் அவளைக் கேட்கவில்லை. ‘உன்னை யார் கேட்டார்கள்?’ என்பதுதான் அவள் கதையின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

புள்ளிகளும் டயப்பர்களும்

பெற்றெடுக்க முடிவு செய்தவர்களுக்கு மையங்கள் உதவுகின்றன என்பது உண்மை. டயப்பர், துணி, தொட்டில் தருகிறார்கள். பல மையங்களில் இதற்கு ஒரு முறை உண்டு. குழந்தை வளர்ப்பு வகுப்புக்கோ வேத பாடத்துக்கோ வந்தால் புள்ளிகள். புள்ளிகளைக் கொடுத்துப் பொருள் வாங்கிக்கொள்ளலாம். ஏழைப் பெண் தன் குழந்தையின் டயப்பரை நல்லொழுக்கத்தால் சம்பாதிக்க வேண்டும். கிருபை இலவசம் என்று நான் ஞாயிறு பள்ளியில் படித்தது வேறு கணக்கு.

இதன் பின்னால் அரசுப் பணம் இருக்கிறது. டெக்சஸ் மாநிலம் கருக்கலைப்புக்கு மாற்று என்ற பெயரில் நடத்திவந்த திட்டத்துக்கு 2023இல் இரண்டு ஆண்டுகளுக்கு 14 கோடி டாலர் ஒதுக்கியது. அதே மாநிலம் ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் காப்பீட்டை விரிவாக்க மறுத்துவந்திருக்கிறது. நாடு முழுமைக்குமான ஊதியத்துடன் கூடிய மகப்பேறு விடுப்பு அமெரிக்காவில் இல்லை. 1993ஆம் ஆண்டுச் சட்டம் தருவது 12 வாரம், அதுவும் சம்பளம் இல்லாமல், அதுவும் எல்லா வேலைகளுக்கும் அல்ல. பெண்ணைத் தனியே நிறுத்திவிட்டு, உனக்கு நாங்கள் இருக்கிறோம் என்று சொல்வது என்ன உதவி?

1994இல் சிகாகோவில் கூடிய கறுப்பினப் பெண்கள் இதைத் தெளிவாகப் பார்த்தார்கள். ‘இனப்பெருக்க நீதி’ என்ற சொல்லை அவர்கள்தான் உருவாக்கினார்கள். பிள்ளை பெறாதிருக்கும் உரிமை, பெறும் உரிமை, பெற்ற பிள்ளையைப் பாதுகாப்பான சூழலில் வளர்க்கும் உரிமை. மூன்றும் ஒன்று. மையங்கள் இரண்டாவதையும் மூன்றாவதையும் தர்மமாகத் தந்து, முதலாவதை விலையாக வாங்கிக்கொள்கின்றன.

இன்னொரு ஊழியமும் இருந்தது

கிறிஸ்தவம் என்றாலே இந்த நிலைப்பாடுதான் என்று நாமும் ஏற்றுக்கொண்டால் அவர்களின் வேலை சுலபமாகிவிடும். 1967 மே மாதம் நியூயார்க்கில் ஜட்சன் நினைவு ஆலயத்தின் போதகர் ஹவர்ட் மூடி தலைமையில் 21 மதகுருக்கள், கருக்கலைப்பு குறித்துப் பெண்களுக்கு ஆலோசனையும் வழிகாட்டுதலும் தருவதாகப் பத்திரிகையில் பெயரோடு அறிவித்தார்கள். அப்போது அது சட்டவிரோதம். அவர்களோடு பணியாற்றிய அர்லீன் கார்மன் என்ற பெண், நோயாளியைப் போலவே போய் ஒவ்வொரு மருத்துவரையும் நேரில் சோதித்து, கை சுத்தமா, பெண்களை மரியாதையாக நடத்துகிறாரா, காசு பிடுங்குகிறாரா என்று பார்த்துப் பட்டியல் தயாரித்தார். இந்தச் சேவை நாடெங்கும் பரவி ஆயிரத்துக்கும் மேற்பட்ட மதகுருக்களைக் கொண்டதாயிற்று. தாங்கள் யார் என்பதை அவர்கள் மறைக்கவில்லை. சிறைக்குப் போகும் ஆபத்தை அவர்கள் ஏற்றார்கள், பெண்ணின் தலையில் வைக்கவில்லை. இன்று கருக்கலைப்புக்கு எதிராக முன்னணியில் நிற்கும் தென் பாப்டிஸ்ட் பேரவைகூட 1971இல், வன்புணர்வு, தாயின் உடல்நலம், மனநலம் போன்ற சூழல்களில் கருக்கலைப்பை அனுமதிக்கும் சட்டங்களுக்காக உழைக்கும்படி தன் உறுப்பினர்களைக் கேட்டுத் தீர்மானம் போட்டது. என்றென்றும் மாறாதது என்று இன்று சொல்லப்படும் நிலைப்பாட்டுக்கு வயது ஐம்பதுகூட ஆகவில்லை.

தமிழ்நாட்டு மாணவிகளுக்கு இங்கே ஒரு கேள்வி எழும். பெண் கரு என்பதற்காகக் கலைப்பதை எதிர்த்து நாம் போராடியிருக்கிறோம். 1994இல் அதற்குச் சட்டமே வந்தது. அப்படியிருக்க இதை மட்டும் எப்படி ஆதரிப்பது? இரண்டையும் ஒரே கேள்வியால் சோதிக்கலாம்: முடிவு யாருடையது? உசிலம்பட்டியில் மாமியாரும் வரதட்சிணையும் நிலமும் சேர்ந்து எடுத்த முடிவைப் பெண்ணின் தெரிவு என்று நாம் சொல்லவில்லை. டெக்சஸில் சட்டமன்றமும் சபையும் சேர்ந்து எடுக்கும் முடிவையும் அவளுடைய முடிவு என்று சொல்ல முடியாது. ஒன்று கலை என்கிறது, மற்றது சும என்கிறது. இரண்டும் அவளைக் கேட்காமலேயே சொல்கின்றன.

லூக்கா முதல் அதிகாரத்தில் தேவதூதன் மரியாளிடம் செய்தி சொல்கிறான். இது எப்படி ஆகும் என்று அவள் கேள்வி கேட்கிறாள். பதில் கிடைத்தபின், அவள் தன் வாயால் சம்மதம் சொன்ன பிறகே, தூதன் அவளை விட்டுப் போகிறான். தான் யார், எங்கிருந்து வருகிறேன் என்பதையும் அவன் மறைக்கவில்லை. மாத்திரைக்கும் பெண்ணுக்கும் நடுவே வந்து நிற்கிறவர்களிடம் நான் கேட்பது இதைவிட அதிகமில்லை. பெயரைச் சொல்லுங்கள். தெரிந்த உண்மையைச் சொல்லுங்கள். அவள் கேட்கும் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். பிறகு அவள் சொல்வது எதுவானாலும் கேட்டுக்கொண்டு வழிவிடுங்கள்.